புல்லட்டைச் சரி செய்வதா, பெரிசாக்குவதா?

பிளஸ் ஒன்னில் வணிகவியல் எடுத்தவர்கள் எல்லாரும் படித்த பாடம்தான். முதலினச் செலவு, வருவாயினச் செலவு. தேய்ந்ததைப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவு வருவாயினம். இருப்பதன் திறனைக் கூட்டுகிற செலவு முதலினம். பி.காமிலும் அதே பாடம், கொஞ்சம் தடிமனான புத்தகத்தில். வங்கிக்கு வந்து இத்தனை வருஷமாக அடுத்தவர்களின் பேலன்ஸ் ஷீட்டில்தான் இதைத் தேடிக்கொண்டிருந்தேன். மில் முதலாளி மெஷினை மாற்றிவிட்டு "ரிப்பேர்" என்று எழுதியிருப்பார்; நாம் கண்டுபிடித்து ஓரத்தில் ஒரு சுழி போடுவோம். அந்தப் பாடம் இந்த வருஷம் என் வீட்டு புல்லட்டின் சிலிண்டருக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

வண்டி அப்பாவுடையது. 1993 மாடல் புல்லட் 350. திருச்சியில் வாங்கியது. காஸ்ட் அயர்ன் எஞ்சின், வலது காலில் கியர், கிளட்ச் இடது கையில், பாயின்ட் செட், கிக்கர் மட்டும். இந்த எஞ்சினைப் பற்றித் தெரியாதவர்களுக்காக ஒரு பத்தி. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பித்தார்கள். முதலில் பாகங்களைக் கப்பலில் கொண்டுவந்து கோர்த்தார்கள், அப்புறம் திருவொற்றியூரிலேயே செய்ய ஆரம்பித்தார்கள். இங்கிலாந்துக் கம்பெனி 1970-இல் இழுத்து மூடியாயிற்று. நம்ம ஊரில் மட்டும் அதே எஞ்சின், சின்னச் சின்ன மாற்றங்களோடு, 2010 வாக்கில் வரை ஓடியது. அப்பா வண்டி அந்த வம்சம்.

2016-இல் அப்பா "இனிமே கிக்கர் உதைக்க முடியலடா" என்று சொன்னதும் என்.ஓ.சி. வாங்கி மும்பைக்குக் கொண்டுவந்தேன். மனைவிக்கு அணுசக்தித் துறையில் வேலை, அணுசக்தி நகரில் குவார்ட்டர்ஸ். வடாலா ஆர்.டி.ஓ.வில் எம்.ஹெச். 03 நம்பர் வாங்கியது தனிக்கதை, அது கிடக்கட்டும்.

போன மழைக்காலம் முடிந்ததும் வண்டி நீலப்புகை விட ஆரம்பித்தது. பிரீதர் பைப்பில் எண்ணெய் வழிந்தது. கிக்கரை உதைத்தால் எதிர்ப்பே இல்லை, பஞ்சுத் தலையணையை மிதித்தது போல. காலனி கேட்டில் நிற்கும் சி.ஐ.எஸ்.எஃப். காவலர் கூட ஒரு நாள் புகையைக் கையால் விசிறிக்கொண்டே "சார், எஞ்சின் காம் கராவோ" என்றார்.

தாராவியில் நமக்கு ஒரு அண்ணாச்சி இருக்கிறார். நெல்லைக்காரர். அறுபது தாண்டியவர், புல்லட்டைத் தவிர வேறு வண்டியைத் தொடமாட்டார். ஹெட்டைக் கழற்றி, போர் கேஜை உள்ளே விட்டு மேலே ஒரு அளவு, நடுவே ஒரு அளவு, கீழே ஒரு அளவு, அப்புறம் குறுக்கே திருப்பி மறுபடி மூன்று அளவு எடுத்தார். சிலிண்டர் ஒரே சீராகத் தேயாது. பிஸ்டன் மேலே போய் நின்று திரும்புகிற இடத்தில்தான் வெடிப்பின் அழுத்தம் அதிகம், எண்ணெய்ப் படலம் குறைவு. அதனால் மேலே அதிகம் தேயும், கீழே குறைவாக. பிஸ்டன் ஒரு பக்கமாகச் சாய்ந்து தள்ளுவதால் வட்டமும் முட்டை வடிவமாகும். ரிங் எவ்வளவு புதிதாகப் போட்டாலும் முட்டைக்குள் வட்டம் உட்காராது. சயான்-டிராம்பே ரோட்டில் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஊர்ந்து ஊர்ந்து ஓடும் காற்றால் குளிரும் எஞ்சினுக்கு இது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து வட்டமாக்கி, கொஞ்சம் பெரிய பிஸ்டன் போடுவதுதான் வழக்கமான வைத்தியம். ரீபோர். புல்லட்டுக்கு பத்து, இருபது, முப்பது, நாற்பது என்று ஓவர்சைஸ் பிஸ்டன் வரும். பத்து என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து பாகம், அதாவது கால் மில்லிமீட்டர்.

அப்பா பெல்லில் வேலை பார்த்தவர். எதையும் டைரியில் எழுதி வைப்பார். 2001-இல் இருபது. 2012-இல் நாற்பது. அண்ணாச்சி பிஸ்டன் தலையைத் துணியால் துடைத்துக் காட்டினார், '40' என்று பொறித்திருந்தது. "இதுக்கு மேல போனா சுவர் மெலிஞ்சிரும் தம்பி. அறுபதுன்னு ஒண்ணு விக்கான், நான் போடமாட்டேன். ஒண்ணு, ஸ்லீவ் அடிச்சு ஸ்டாண்டர்டுக்குக் கொண்டாரணும். இல்லைன்னா, எப்படியும் செலவுதானே, ஐநூறாவே ஆக்கிருங்க."

இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, என் கூட வந்த மகனைப் பார்த்தார். அவனுக்கு வயது 19. அவன் முகத்தைப் பார்த்தால் நானாயிருந்தாலும் அவனைத்தான் பார்த்திருப்பேன்.

அன்று ராத்திரி ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சிலிண்டரின் கொள்ளளவு என்பது எட்டாம் வகுப்பு உருளைக் கணக்கு. விட்டத்தின் வர்க்கம், பெருக்கல் ஸ்ட்ரோக், பெருக்கல் 0.7854. புல்லட் 350-இன் விட்டம் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ. விடை 346 சிசி. ஆர்.சி. புத்தகத்திலும் அதுதான் இருக்கிறது. புல்லட் 500-க்கு அதே 90 மி.மீ. ஸ்ட்ரோக், விட்டம் மட்டும் 84. விடை 499. கம்பெனி 2013-இல் கான்டினென்டல் ஜி.டி. என்று ஒன்று விட்டதே, அதில் விட்டம் 87, விடை 535. (அது பிற்கால எஞ்சின். ஆனால் ஸ்ட்ரோக் அதே 90.) பழைய காஸ்ட் அயர்ன் 500-ஐ 535 ஆக்குகிற பேரலை இங்கிலாந்தில் ஹிட்ச்காக்ஸ் என்ற கடை விற்றது. ஸ்ட்ரோக்கைத் தொடாமல் விட்டத்தை மட்டும் அகலமாக்கிக்கொண்டே போன குடும்பம் இது. அதனால்தான் ஒவ்வொரு 350 காரருக்கும் ஐநூறு ஆசை வருகிறது. பக்கத்து வீடு போலத் தெரியும், சுவரை இடித்தால் போதும் என்று தோன்றும்.

அப்புறம் சும்மா, அப்பாவின் டைரியில் இருந்த அளவுகளையும் போட்டுப் பார்த்தேன். இருபது ஓவர்சைஸில் 351 சிசி. நாற்பதில் 356!

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அதாவது 2001-லிருந்தே இந்த வண்டி 350-க்கு மேலேதான் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்பா எதையும் பெரிசாக்கவில்லை, ரிப்பேர்தான் செய்தார். ஆனால் ஒவ்வொரு ரிப்பேரிலும் கொஞ்சம் கொஞ்சமாக எஞ்சின் வளர்ந்திருக்கிறது. ஸ்டாக்காக வைப்பது ஒன்று, பெரிசாக்குவது வேறு என்று நாம் கோடு போட்டுக்கொண்டு பேசுகிறோம். சிலிண்டருக்குள்ளே அந்தக் கோடு அவ்வளவு சுத்தமாக இல்லை.

ஒரு வங்கிக்காரனுக்கு 350 என்ற எண் சாதாரண எண் அல்ல. மூன்றாம் நபர் காப்பீட்டில் 150-லிருந்து 350 சிசி வரை ஒரு படி, 350-க்கு மேல் இன்னொரு படி. 2022 ஜூன் 1 முதல் வந்த கட்டண அட்டவணையில் முதல் படிக்கு வருஷம் 1,366 ரூபாய், அடுத்ததற்கு 2,804. இரண்டு மடங்குக்கும் மேலே. 2025 செப்டம்பர் 22-இல் ஜி.எஸ்.டி. மாறியபோதும் கத்தி விழுந்தது அதே இடத்தில்தான்: 350 சிசி வரை 18 சதவீதம், அதற்கு மேல் 40. இப்போது வரும் புது புல்லட் 349 சிசி என்பதைக் கவனித்தீர்களா? விட்டமும் ஸ்ட்ரோக்கும் இரண்டுமே மாறிவிட்டன, ஆனாலும் கோட்டைத் தாண்டவில்லை.

அப்படியானால் அப்பாவின் 356 சிசி வண்டி சட்டத்துக்குப் புறம்பா? இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன். தேய்மானத்துக்கென்றே சந்தையில் உள்ள ஓவர்சைஸ் பிஸ்டனைப் போட்டு, அதே பேரலை, அதே எஞ்சினை ஓடவைத்தது அது. வண்டியின் ரகம் மாறவில்லை. ஆனால் 84 மி.மீ. பேரலை வாங்கி மாட்டினால் கதை வேறு. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்ததற்கு மாறாகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரளாவிலிருந்து போன வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை இன்னும் இறுக்கியது. அதே 2019-இல் வந்த திருத்தம் 182ஏ பிரிவைச் சேர்த்தது: உரிமையாளரே வண்டியை மாற்றினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

யார் பேரலைக் கழற்றிப் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்பீர்கள். மகனும் கேட்டான். சாதாரண நாளில் யாரும் பார்க்க மாட்டார்கள்தான். விபத்து நடந்த அன்று காப்பீட்டு சர்வேயர் பார்ப்பார். சொல்லாமல் மறைத்த மாற்றம் கண்ணில் பட்டால் க்ளெய்மில் என்ன நடக்கும் என்பதை நான் கடன் கோப்புகளில் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தக் கோப்பில் என் மகன் பெயர் இருப்பதைக் கற்பனை செய்து பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

சட்டத்தை விடுங்கள். இரும்பு என்ன சொல்கிறது? இந்தக் காலனியில் கண்ணை மூடிக்கொண்டு கல்லை விட்டெறிந்தால் ஒரு எஞ்சினியர் தலையில்தான் விழும். எங்கள் மேல் வீட்டுக்காரர் மெக்கானிக்கல். பாலக்காட்டுத் தமிழர். ஐநூறுக்கு ஆதரவாகப் பேசுவார் என்றுதான் அவரிடம் மகன் என்னை இழுத்துக்கொண்டு போனான். அவர் என் தாளைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு வகுத்தல் போட்டார். 84-இன் வர்க்கத்தை 70-இன் வர்க்கத்தால் வகுத்தால் 1.44. "அழுத்தம் அதேதான்னு வெச்சுண்டாலும் பிஸ்டன் தலையில விழற அடி 44 சதவீதம் கூடும். அந்த அடி எங்க போய் முடியறது? கனெக்டிங் ராட் வழியா பிக் எண்டுக்கு. உங்க வண்டியில பிக் எண்ட்ல ரோலர் பேரிங் கூட இல்லையே, ஃப்ளோட்டிங் புஷ்தானே?"

ஆமாம், புஷ்தான். 350-இன் அளவான அடிக்கு, அளவான எண்ணெய்க்குப் பழகிய புஷ். இன்னொன்றும் சொன்னார். ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில் பிஸ்டனின் எடையை ஃப்ளைவீலில் உள்ள எதிர் எடை ஓரளவு சமன் செய்கிறது. பெரிய பிஸ்டன் கனமாக இருக்கும். ஃப்ளைவீல் பழைய எடைக்குச் செதுக்கியது. அப்புறம் புல்லட்டின் புகழ்பெற்ற நடுக்கம் எந்த வேகத்தில் எந்தத் திசையில் வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

கம்பெனி 500 செய்தபோது பேரலை மட்டும் மாற்றிவிட்டு நிற்கவில்லை. 24 மி.மீ. கார்பரேட்டருக்குப் பதில் 28. வேறு ஹெட். முன்சக்கரத்துக்கு இரட்டை லீடிங் ஷூ பிரேக். இத்தனையும் செய்து கிடைத்தது என்ன? 350-க்கு 18 குதிரைத்திறன், 500-க்கு 22. கொள்ளளவு 44 சதவீதம் கூடி, திறன் 22 சதவீதம் கூடுகிறது. முதலீட்டில் பாதி அளவுக்குத்தான் வரவு என்று ஒரு ப்ராஜெக்ட் ரிப்போர்ட் வந்தால் என் மேனேஜர் அதைத் திருப்பிப் போடுவார்.

ஐநூறு பக்கமும் நியாயம் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். குதிரைத்திறன் எண் உச்ச வேகத்தில் எடுத்தது. புல்லட் ஓட்டுகிறவன் அங்கே போவதே இல்லை. அவன் வாழ்வது கீழே, மெதுவான ஓட்டத்தில், அந்த இழுவையில். அங்கே ஐநூறு நிச்சயம் வேறு வண்டி. பின்னால் ஒருவரை உட்காரவைத்துக்கொண்டு கோபோலியிலிருந்து கண்டாலா காட் ஏறிப் பாருங்கள், 350 மூச்சு வாங்கும், கியரை இறக்கியே ஆக வேண்டும். ஐநூறு முணுமுணுக்காமல் ஏறும். நண்பர் ஒருவரின் கம்பெனி ஐநூறை ஒரு முறை ஓட்டியிருக்கிறேன். நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் அணுசக்தி நகரில் வைத்துக்கொண்டு எங்கே ஓட்டுவது? மும்பை-புனே எக்ஸ்பிரஸ்வேயில் பைக்குக்கு அனுமதி இல்லை. 2024 ஜனவரியில் திறந்த அடல் சேதுவிலும் இல்லை. வேகமாகப் போகும் சாலைகள் இரண்டும் மூடிக்கிடக்க, மிச்சம் இருப்பது சயான்-பன்வேல் ரோடும் பழைய காட் ரோடும். தினசரி என்றால் தேவ்னார், செம்பூர், ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காவில் காய்கறி. ராத்திரி பத்து மணிக்கு மேல் மலையடிவாரத்தில் ஒரே அமைதியாக இருக்கும் காலனியில் 350 சத்தத்துக்கே ஜன்னல் விளக்குகள் எரிகின்றன.

அண்ணாச்சியிடம் செலவு கேட்டேன். ஸ்லீவ், பிஸ்டன் செட், வால்வு, பிக் எண்ட் புஷ், கிளட்ச் பிளேட், கூலி எல்லாம் சேர்த்து 24,000. ஐநூறுக்கு, பேரலும் ஹெட்டும் கிடைக்கிற விலையைப் பொறுத்து, 58,000-க்கு மேல். தவிர 350-இன் கிராங்க்கேஸ் வாயில் 84 மி.மீ. பேரல் இறங்காது. வாயைக் கடைந்து அகலப்படுத்த வேண்டும். கடைந்தால் கடைந்ததுதான், நாளைக்கு மனசு மாறினால் பழைய பேரலுக்குத் திரும்ப வழி இல்லை. கிராங்க்கேஸையே மாற்றலாம் என்றால் எஞ்சின் நம்பர் அதில்தான் இருக்கிறது. 2028-இல் மறுபடி பாஸிங்குக்கு வடாலா போகும்போது அந்த நம்பரைத்தான் தேய்த்துப் பார்ப்பார்கள்.

எனக்கு முடிவைக் கொடுத்தது பணமோ சட்டமோ அல்ல, இந்தத் திரும்ப வழி இல்லாத சமாச்சாரம்தான்.

வருமான வரிக்காரர்கள் இந்தக் கேள்வியை எப்போதோ தீர்த்துவைத்திருக்கிறார்கள் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. 1956-இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நியூ ஷாரக் ஸ்பின்னிங் மில் வழக்கு. 'நடப்பு ரிப்பேர்' என்றால் என்ன என்று தலைமை நீதிபதி சாக்ளா ஒரு அளவுகோல் சொன்னார். ஏற்கெனவே இருக்கும் சொத்தைக் காப்பாற்றி வைப்பதற்கான செலவா, அல்லது புதுச் சொத்தை, புது ஆதாயத்தைக் கொண்டுவரும் செலவா? முதலாவது மட்டும்தான் ரிப்பேர். அரை நூற்றாண்டு கழித்து 2007-இல் நம்ம ஊர் சரவணா ஸ்பின்னிங் மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதே அளவுகோலைத்தான் கையில் எடுத்தது. ரிங் ஃப்ரேமை முழுசாகத் தூக்கிவிட்டு வேறு வைப்பது ரிப்பேர் ஆகாது என்றது. மில் மெஷினுக்குச் சொன்னதுதான், ஆனால் புல்லட்டுக்கும் அப்படியே பொருந்துகிறது. ஸ்லீவ் போட்டால் அப்பா வண்டி காப்பாற்றப்படுகிறது. கிராங்க்கேஸ் வாயைக் கடைந்து, பேரல், ஹெட், கார்பரேட்டர் மாற்றினால் எனக்கு ஒரு நல்ல வண்டி கிடைக்கும், அது அப்பா வண்டியாக இருக்காது.

அப்பாவிடம் போனில் கேட்டேன். ஐநூறு ஆக்கலாமா என்று அண்ணாச்சி கேட்கிறார் என்றேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. "உன் வண்டிடா. உன் இஷ்டம்" என்றார். அப்புறம், "பழைய பிஸ்டனைத் தூக்கிப் போட்றாத. எடுத்து வை" என்றார். அவர் அப்படித்தான், இஷ்டம் என்று சொல்லிவிட்டு வேறு எதையோ சொல்வார்.

ஸ்லீவா, கடையில் விற்கும் புது பேரலா என்று இன்னொரு சின்ன விவாதம் ஓடியது. புது பேரல் சுலபம், கழற்றி மாட்டினால் முடிந்தது. அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை. "புது வார்ப்பு எப்படி இருக்கும்னு எவன் கண்டான். இது முப்பது வருசம் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, சமாதானமான இரும்பு. இனிமே கோணாது பாத்துக்கிடுங்க." ஸ்லீவில் ஒரு ஆபத்து உண்டு. லைனருக்கும் பேரலுக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி இருந்தால் கூடச் சூடு வெளியே போகாமல் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அதனால் பேரலை லைனரின் அளவைவிடத் துளி சிறியதாகக் கடைவார்கள். பேரலை நன்றாகச் சூடாக்கி, லைனரைக் குளிரவைத்து, ஒரே மூச்சில் இறக்க வேண்டும். பாதியில் நின்றால் அங்கேயே பிடித்துக்கொள்ளும், வெட்டித்தான் எடுக்க வேண்டும். குர்லாவில் ஒரு லேத் பட்டறையில் இதைச் செய்தார்கள். உள்ளே இறங்க இரண்டு நொடி கூட ஆகவில்லை. ஆறியதும் 70-க்குக் கடைந்து, பிஸ்டனை அளந்து அதற்கேற்ற இடைவெளி விட்டு ஹோனிங் செய்தார்கள். குறுக்கு நெடுக்காகக் கோடுகள், கோலம் போடுவதற்கு முன் துடைப்பம் இழுத்த வாசல் மாதிரி. அந்தக் கோடுகளில்தான் எண்ணெய் தங்கும்.

மகனுக்கு முதலில் வருத்தம். 356 கணக்கைக் காட்டியதும் சிரித்துவிட்டான். "அப்பா, ஊரெல்லாம் காசு குடுத்து எஞ்சினைப் பெரிசாக்குறாங்க. நீங்க 24,000 குடுத்து 10 சிசி குறைச்சிருக்கீங்க." உண்மைதான். ஆர்.சி.யில் இருக்கும் 346-க்கு வண்டி 24 வருஷத்துக்கு அப்புறம் திரும்பி வந்திருக்கிறது. பழைய நாற்பது பிஸ்டனை அவனே டீசலில் கழுவி மேஜையில் வைத்துக்கொண்டிருக்கிறான், பேனா ஸ்டாண்டாம்.

இப்போது ரன்னிங்-இன். முதல் 500 கிலோமீட்டருக்கு நாற்பதைத் தாண்டக் கூடாது, பின்னால் ஆள் கூடாது, காட் ஏறக் கூடாது, இருபது நிமிஷத்துக்கு ஒரு முறை நிறுத்தி ஆறவைக்க வேண்டும். அது முடிந்ததும் எண்ணெய் மாற்றி, ஹெட் நட்டுகளை மறுபடி இறுக்கி, டாப்பெட் பார்க்க வேண்டும். காலையில் ஆறு மணிக்கு நான் மான்குர்ட் வரை போய் வருகிறேன், சாயங்காலம் அவன் காலனிக்குள்ளேயே நாலு சுற்று. 320 கிலோமீட்டர் ஆகிவிட்டது. பிரீதர் பைப் காய்ந்து கிடக்கிறது. நேற்றுக் கிக்கரை மிதித்தேன், பாதியில் அப்படியே நின்றது. முழு உடம்பையும் ஏற்றித்தான் அழுத்த வேண்டியிருந்தது.